ஸ்க்ரம் வந்த பிறகும் ரிலீஸ் ஏன் தள்ளிப்போகிறது?

மென்பொருள் உருவாக்கும் ஒரு நிறுவனம், வேலையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பயன்படுத்தத்தக்க ஒரு துண்டைத் தரும் ஸ்க்ரம் முறைக்கு மாறினால் வெளியில் தெரியும் மாற்றங்கள் பத்து நாளில் முடிந்துவிடும். காலையில் 15 நிமிட ஸ்டாண்ட்-அப் கூட்டம், ஸ்பிரின்ட் என்ற இரண்டு வார வேலைக் கட்டம், ஒவ்வொரு வேலையையும் ஒரு டிக்கெட்டாகக் காட்டும் புதிய பலகை, நேற்றுவரை ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்தவருக்கு ஸ்க்ரம் மாஸ்டர் (குழு இந்த முறையைச் சரியாக நடத்த உதவுபவர்) என்ற பெயர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பல இடங்களில் ரிலீஸ் முன்பு போலவே தள்ளிப்போகும். கடைசி வாரத்தில் டெஸ்டர்கள் இரவெல்லாம் கண்விழிப்பார்கள். கூடியது கூட்டங்கள் மட்டும்தான்.

குழுவைக் குறைசொல்வதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். எந்த வேலை முதலில், இந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு, எது நடந்தால் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு என்ற மூன்று முடிவுகளை முன்பு யார் எடுத்தார்களோ அவர்களேதான் இப்போதும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஸ்க்ரம் இந்த மூன்றையும் மூன்று இடங்களில் வைக்கிறது. முதலாவது, பொருளுக்குப் பொறுப்பான ப்ராடக்ட் ஓனரிடம். இரண்டாவது வேலையைச் செய்கிற டெவலப்பர்களிடம். மூன்றாவது, எல்லோரும் முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொண்ட ஒரு வரையறையிடம். இந்தக் கைமாற்றம் நடக்காமல் கூட்டங்களை மட்டும் கொண்டுவந்தால் பழைய சுமையின் மேல் புதுச் சுமை ஏறுகிறது.

படத்தை எடுத்துக்கொண்டு விளக்கத்தை விட்டுவிடுவது இந்தத் துறையில் முன்பும் நடந்ததுதான். பெரிய மென்பொருள் திட்டங்களை நடத்துவது பற்றி 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில், தேவை, வடிவமைப்பு, கோடிங், டெஸ்டிங் என்று படிப்படியாக இறங்கும் படம் ஒன்று உண்டு. இதை இப்படியே நடைமுறைப்படுத்துவது ஆபத்தானது, தோல்வியை வரவழைக்கும் என்று அதே கட்டுரையில் அவர் எச்சரித்திருந்தார். டெஸ்டிங்கில் கண்டுபிடிக்கும் தவறு வடிவமைப்பு வரைக்கும் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் என்பது அவர் காட்டிய காரணம். எச்சரிக்கை மறந்துபோனது, படம் நிலைத்தது. 'வாட்டர்ஃபால்' என்ற பெயரும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ஸ்க்ரம் என்ற சொல் ரக்பி ஆட்டத்திலிருந்து வந்தது. ஹிரோடகா டகேயுச்சியும் இகுஜிரோ நோனாகாவும் 1986-இல் எழுதிய ஒரு கட்டுரையில், பொருள் உருவாக்கத்தைத் தொடர் ஓட்டம் போல ஒரு துறை அடுத்த துறையிடம் கைமாற்றாமல், ரக்பி அணி போல எல்லோரும் சேர்ந்தே பந்தை முன்னால் கொண்டுபோகும் நிறுவனங்களை விவரித்தார்கள். ஜெஃப் சதர்லண்ட் 1993-இல் அதை ஒரு மென்பொருள் குழுவில் செய்து பார்த்தார். 1995-இல் அவரும் கென் ஷ்வேபரும் ஒரு மாநாட்டில் முறையாக முன்வைத்தார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்ற மலை விடுதியில் 17 பேர் கூடி, 4 மதிப்புகளும் 12 கொள்கைகளும் கொண்ட அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அஜைல் என்பது அந்தக் கொள்கைகள்; ஸ்க்ரம் அவற்றுக்கு இசைந்த ஒரு சட்டகம். அதன் அதிகாரபூர்வ வழிகாட்டி 2010-இல் முதலில் வந்தது, கடைசியாக 2020 நவம்பரில் திருத்தப்பட்டது. ஓர் அரைமணி நேரத்தில் படித்துவிடலாம். ஸ்க்ரம் நடத்தும் ஒவ்வொருவரும் அதை ஒருமுறையாவது முழுதாகப் படித்திருந்தால் பாதிக் குழப்பம் வராது.

எவ்வளவு நேரம் கேட்கிறது?

'கூட்டங்களுக்கே நேரம் போய்விடுகிறது' என்பது முதலில் வரும் புகார். கணக்கைப் பார்க்கலாம். ஒரு மாத ஸ்பிரின்டுக்கு வழிகாட்டி தரும் உச்சவரம்பு: திட்டமிடலுக்கு 8 மணி, முடித்த வேலையைக் காட்டிக் கருத்துக் கேட்கும் ரிவியூவுக்கு 4 மணி, குழு தன் வேலைமுறையைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோவுக்கு 3 மணி. ஸ்டாண்ட்-அப் தினமும் 15 நிமிடம். இரண்டு வார ஸ்பிரின்டுக்கு முதல் மூன்றையும் பாதியாக்கினால் 4, 2, ஒன்றரை. ஸ்டாண்ட்-அப் பத்து நாளுக்கு இரண்டரை மணி. ஆக 80 மணி நேர வேலையில் 10 மணி நேரம். எட்டில் ஒரு பங்கு, அதுவும் உச்சவரம்பில். வரப்போகும் வேலைகளைப் பிரித்துத் தெளிவாக்கும் ரிஃபைன்மென்ட் இதில் சேரவில்லை. அதற்குக் குழுவின் நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகாது என்று 2017 பதிப்பு சொன்னது. 2020 பதிப்பு அந்த எண்ணை எடுத்துவிட்டாலும் திட்டமிட அது இன்னும் உதவுகிறது.

புகார் உண்மையாகும் இடம் வேறு. ஒருவரை இரண்டு குழுக்களுக்குப் பாதி பாதியாகப் பங்கு போட்டால் அவருக்குக் கூட்டம் 20 மணி நேரமாகிறது. வேலை நேரம் மட்டும் அதே 80. பழைய நிலை அறிக்கைக் கூட்டங்களை நிறுத்தாமல் மேலே ஸ்க்ரம் கூட்டங்களைச் சேர்த்தாலும் இதே கதிதான். தொடங்கும் நாளிலேயே நிறுத்தப்போகும் கூட்டங்களைப் பட்டியல் போட்டு ரத்துசெய்துவிட வேண்டும்.

முதல் குழு

முதல் குழுவைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். யாருக்கும் தேவைப்படாத சின்ன வேலையில் சோதித்தால் வெற்றி பெற்றாலும் எவரும் நம்பமாட்டார்கள். நிறுவனத்தின் உயிர்நாடியான வேலையில் சோதித்தால் முதல் சறுக்கலிலேயே மேலிடம் பழைய கட்டுப்பாட்டுக்குத் திரும்பும். நடுத்தர முக்கியத்துவமும் நிஜப் பயனர்களும் உள்ள ஒரு பொருள் போதும்.

ஆள்கணக்கு, ஸ்க்ரம் மாஸ்டரையும் ப்ராடக்ட் ஓனரையும் சேர்த்து, 10-க்குள் இருக்கட்டும். 5 பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் இணைப்புகள் 10, 10 பேர் என்றால் 45, 15 பேர் என்றால் 105. பெரிய குழுவில் ஸ்டாண்ட்-அப் நீள்வதற்குப் பேச்சுக்காரர்களைக் குறைசொல்லிப் பயனில்லை, காரணம் இந்தப் பெருக்கம்தான். ஆள் எண்ணிக்கையைவிட முக்கியமானது, ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து பயனர் கைக்குப் போகும்வரை முடிக்கத் தேவையான திறமைகள் அத்தனையும் குழுவுக்குள்ளேயே இருப்பது. டெஸ்டர் வேறு துறையில், டேட்டாபேஸ் மாற்றத்துக்கு வேறு குழுவின் அனுமதி, சர்வரில் ஏற்ற இன்னொரு குழுவுக்கு டிக்கெட் என்றிருந்தால் ஸ்பிரின்டின் பாதி காத்திருப்பிலேயே கழியும்.

ஸ்பிரின்ட் நீளம் இரண்டு வாரம் என்று தொடங்கலாம். நான்கு வாரம் வைத்தால் சிக்கல் வெளியே தெரிவதற்கே ஒரு மாதமாகும். வேலை முடியவில்லை என்று ஸ்பிரின்டை ஒருபோதும் நீட்டக்கூடாது. முடியாத வேலை, செய்ய வேண்டியவற்றின் பட்டியலான பேக்லாகுக்குத் திரும்ப வேண்டும், அது திரும்பியதை எல்லோரும் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று ஸ்பிரின்டில் வேகம் குறையும் என்பதை மேலிடத்திடம் முன்னாலேயே சொல்லிவைப்பது நல்லது. பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

எது முடிந்தது?

மூன்று முடிவுகளில் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஸ்பிரின்டின் இறுதியில் பயன்படுத்தத்தக்க ஒரு துண்டு முடிந்து கையில் இல்லையென்றால் ரிவியூவில் காட்ட ஒன்றுமில்லை, பயனரிடம் கற்க ஒன்றுமில்லை, அடுத்த கணிப்புக்கு ஆதாரமும் இல்லை.

வரையறையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். எழுதிய நிரலை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டார். தானியங்கி டெஸ்டுகள் எல்லாம் தேறின. எல்லோருக்கும் பொதுவான மெயின் ப்ராஞ்சில் சேர்ந்தது. நிஜ சூழலை ஒத்த சர்வரில் ஓடியது. தெரிந்த பெரிய தவறு (பக்) எதுவும் மிச்சமில்லை. உதவிக் குறிப்பு புதுப்பிக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு இந்த அளவு போதும். இன்று எட்ட முடியாத வரியை எழுதாமல், எட்ட முடிந்ததை எழுதிச் சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு வரி கூட்டலாம். இதில் பாதி மதிப்பெண் கிடையாது. '90 சதவீதம் முடிந்தது' என்ற பேச்சைக் கணக்கில் பூஜ்யம் என்றே எழுத வேண்டும்.

இங்கே மிகுதியாக நடக்கும் தவறு, வேலையைப் படுக்கை அடுக்குகளாக வெட்டுவது. மருத்துவரிடம் முன்பதிவு செய்யும் செயலி என்று வைத்துக்கொள்வோம். பழைய தேவை ஆவணத்தை எடுத்து முதல் ஸ்பிரின்டில் டேட்டாபேஸ், இரண்டாவதில் சர்வர் பக்கம், மூன்றாவதில் திரைகள், நான்காவதில் டெஸ்டிங் என்று பிரித்துவிடுகிறார்கள். இது இரண்டு வாரக் கட்டங்களாக நறுக்கிய வாட்டர்ஃபால். எட்டு வாரம்வரை யாராலும் ஒரு முன்பதிவுகூடச் செய்ய முடியாது. மேலிருந்து கீழ்வரை நெடுக வெட்டினால், முதல் துண்டு: ஒரே மருத்துவர், நாளைய நேரங்கள் மட்டும், பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்துப் பதிவு. பணம் கட்டுவது, ரத்து, நினைவூட்டல் எதுவும் இல்லை. இரண்டாவது துண்டு ரத்து, மூன்றாவது பல மருத்துவர்கள், நான்காவது பணம். முதல் துண்டிலேயே டேட்டாபேஸ், சர்வர், திரை, டெஸ்டிங் நான்கும் சிறிதளவு இருக்கின்றன. இந்த வெட்டு முதலில் கைவராது. திரும்பத் திரும்பச் செய்துதான் பழகும். ரிஃபைன்மென்ட் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போக வேண்டும்.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் ஒரே நாளில் திறப்பது. ஆறு டெவலப்பர்களும் முதல் நாள் ஆளுக்கு இரண்டு டிக்கெட்டை எடுத்துக்கொள்வார்கள். எட்டாம் நாள் 12 டிக்கெட்டும் ஒன்றாக டெஸ்டரிடம் வந்து விழும். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய வரிசைக் கோட்பாட்டுச் சூத்திரம் இதை எளிதாகக் காட்டுகிறது: ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம் என்பது, திறந்திருக்கும் வேலைகளை ஒரு வாரத்தில் முடியும் வேலைகளால் வகுத்த எண். 12 திறந்திருந்து வாரம் 3 முடிந்தால் 4 வாரம், ஸ்பிரின்டைப் போல இரண்டு மடங்கு. முடியும் வேகம் அதேதான் என்றாலும் 6 மட்டும் திறந்திருந்தால் 2 வாரம். ஆகவே ஸ்டாண்ட்-அப்பில் ஆளுக்கு ஆள் 'நேற்று என்ன செய்தேன்' என்று ஒப்பிப்பதற்குப் பதில், பலகையை வலமிருந்து இடமாகப் பார்த்து வரலாம். முடிவுக்கு மிக அருகில் இருப்பதை இன்று யார் சேர்ந்து முடித்துவைப்பது என்பது முதல் கேள்வி. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்ற பழைய மூன்று கேள்விகளை 2020 பதிப்பு எடுத்தேவிட்டது.

ஸ்க்ரம் சொல்லாமல் விட்ட ஒரு பகுதியும் உண்டு: பொறியியல் பழக்கங்கள். தானியங்கி டெஸ்டிங், தினமும் எல்லோருடைய நிரலையும் ஒன்றிணைப்பது, சிறுசிறு சீரமைப்பு ஆகியவற்றை கென்ட் பெக் முன்வைத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற முறை வலியுறுத்தியது. ஸ்க்ரம் அதைக் குழுவின் பொறுப்பில் விட்டுவிட்டது. விட்டதன் விலை மெல்லத்தான் தெரியும். ஒவ்வொரு வசதியையும் கையால் மறுபடி சரிபார்க்க அரைமணி நேரம் என்று கொள்வோம். ஸ்பிரின்டுக்கு 6 வசதி வந்தால் பழையவற்றைச் சரிபார்க்கும் வேலை ஒவ்வொரு முறையும் 3 மணி நேரம் வளர்கிறது. பத்து ஸ்பிரின்ட் கழிந்தால் அது 30 மணி நேரம், ஒரு டெஸ்டருக்கு ஏறத்தாழ நான்கு நாள். அந்த நான்கு நாள் புது வேலையிலிருந்து கழிகிறது. 'முதலில் நன்றாகப் போனது, பிறகு தொய்ந்துவிட்டது' என்று சொல்லும் குழுக்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

எவ்வளவு?

ஸ்பிரின்டுக்கு எவ்வளவு எடுப்பது என்பதை வேலை செய்பவர்களே சொல்ல வேண்டும். மேனேஜர் ஓர் எண்ணைச் சொல்லி 'ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஸ்பிரின்ட் முடியும்போது பாதி மிச்சமிருக்கும். திட்டமிட்ட பட்டியலை வாக்குறுதியாக எடுத்துக் குழுவை அடிக்கும் பழக்கம் பரவியதால், 2011-இல் வழிகாட்டி அங்கே 'உறுதிப்பாடு' என்றிருந்த சொல்லைக் 'கணிப்பு' என்று மாற்றியது. இன்றைய பதிப்பில் உறுதிப்பாடு என்பது ஸ்பிரின்டின் இலக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. டிக்கெட் பட்டியல் இடையில் மாறலாம். 'நோயாளி தானே ரத்துசெய்ய முடிய வேண்டும்' என்பது இலக்கு. அதற்கு ஏழு டிக்கெட்டா ஒன்பதா என்பது குழுவின் பாடு.

வேலையின் அளவைக் குறிக்கும் ஸ்டோரி பாயின்டைப் பலரும் மணிக்கணக்காக மாற்றிவிடுகிறார்கள். அது ஒப்பீட்டு அளவு: இந்த வேலை அதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று சொல்வதற்கு. 1, 2, 3, 5, 8, 13 என்று இடைவெளி பெருகும் எண்களைப் பயன்படுத்துவதற்குக் காரணம், வேலை பெரிதாகப் பெரிதாக நம் கணிப்பும் மங்குகிறது என்பதுதான். ஜேம்ஸ் கிரென்னிங் 2002-இல் விவரித்த ப்ளானிங் போக்கர் என்ற மதிப்பீட்டு முறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைக் காட்டுவார்கள். மூத்தவர் சொன்ன எண்ணை மற்றவர்கள் ஒப்பிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. ஒருவர் 2, இன்னொருவர் 8 காட்டினால் அந்த இருவரும் பேச வேண்டும். பெரும்பாலும் 8 காட்டியவருக்கு மற்றவர் அறியாத ஒரு சிக்கல் தெரிந்திருக்கும். எண்ணைவிட அந்த ஐந்து நிமிடப் பேச்சுதான் லாபம்.

ஒரு ஸ்பிரின்டில் முடியும் பாயின்ட் எண்ணிக்கையான வெலாசிட்டியைக் கணிக்க மட்டும் பயன்படுத்த வேண்டும். கடந்த ஐந்து ஸ்பிரின்டில் 18, 25, 21, 16, 23 பாயின்ட் முடிந்தது, மீதி 200 பாயின்ட் என்றால், நல்ல வேகத்தில் 8 ஸ்பிரின்ட், மந்த வேகத்தில் 13, சராசரியில் 10. 'நான்கு முதல் ஆறு மாதம், ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் இந்த இடைவெளி குறைந்துவரும்' என்பதே நேர்மையான பதில். மேலிடம் வெலாசிட்டியை 20 சதவீதம் உயர்த்தச் சொன்னால் அடுத்த மாதமே உயரும். நேற்று 3 என்று மதிப்பிட்ட வேலை இன்று 5 ஆகும், அவ்வளவுதான். இரண்டு குழுக்களின் வெலாசிட்டியை ஒப்பிடுவதும் அப்படியே. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்.

எது முதலில்?

ப்ராடக்ட் ஓனர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். குழு அமைத்து அந்தப் பொறுப்பை நிரப்ப முடியாது. அவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்று அறிய ஒரே கேள்வி போதும்: ஸ்பிரின்டின் ஆறாம் நாள் ஓர் இயக்குநர் வந்து 'இதை உடனே செய்யுங்கள்' என்றால், வேறு யாரையும் கேட்காமல் அவரால் 'அடுத்த ஸ்பிரின்டில்' என்று சொல்ல முடியுமா? முடியாதென்றால் அவர் தேவைகளை எழுதிக்கொள்ளும் எழுத்தர். முடிவு எடுப்பவர் வேறெங்கோ இருக்கிறார், அவரைத்தான் அந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இயக்குநருக்கும் இதில் பெரிய இழப்பில்லை. இரண்டு வார ஸ்பிரின்டில் புதுக் கோரிக்கை சராசரியாக ஒரு வாரம்தான் காத்திருக்கும். உண்மையிலேயே தீப்பற்றிய வேலை என்றால் டெவலப்பர்களோடு பேசி, சம அளவுள்ள ஒன்றை வெளியே எடுத்துவிட்டு உள்ளே விடலாம். எதையும் எடுக்காமல் விடுவதுதான் கூடாது.

பேக்லாகில் 'உயர் முன்னுரிமை' என்று 60 டிக்கெட் இருந்தால் வரிசை இல்லை என்றே பொருள். ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்க வேண்டும், ஒரே வரியில் இரண்டு நிற்கக்கூடாது.

மேனேஜர், அப்ரைசல், பட்ஜெட்

மாற்றம் உண்மையில் சிக்கிக்கொள்வது குழுவுக்கு வெளியேதான். வேலையைப் பங்கிட்டுத் தருவது, தினமும் நிலை கேட்பது, தேதி சொல்வது என்பவையே ஒரு மேனேஜரின் அன்றாடமாக இருந்தால், ஸ்க்ரம் அவரிடமிருந்து மூன்றையும் எடுத்துவிடுகிறது. பதிலுக்கு அவருக்கு என்ன வேலை என்று யாரும் சொல்வதில்லை. அவர் தடுப்பதைத் தடையென்று பார்ப்பதைவிட, சொல்லாமல் விட்டவர்களின் பிழையென்று பார்ப்பதே நியாயம். அவருக்குக் கனமான வேலைகள் உண்டு: டெஸ்ட் சர்வருக்கு மூன்று வாரம் காத்திருக்கும் நடைமுறையை மாற்றுவது, ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்த பகுதியை இன்னொருவருக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்வது, ஆள் எடுப்பது, திறமை வளர்ப்பது. முதல் நாளே இவற்றை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

தனிநபர் முடித்த டிக்கெட் எண்ணிக்கையில் அப்ரைசல் நடந்தால், பக்கத்து ஆளின் வேலையை முடித்துக்கொடுக்க யாரும் வரமாட்டார்கள். அப்ரைசல் எழுதும் மேனேஜர் ரெட்ரோவில் உட்கார்ந்தால் பேச்சு நல்லபடியாகவே இருக்கும், உண்மை வெளியே வராது. ரெட்ரோ செத்துப்போக இன்னொரு வழியும் உண்டு. 15 குறைகளை எழுதிப் படம் பிடித்து வைப்பார்கள், ஒன்றும் மாறாது. மூன்று முறை அப்படி நடந்தால் நான்காவது ரெட்ரோவில் மௌனம்தான். ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, யார் செய்வது என்று பெயரோடு அடுத்த ஸ்பிரின்ட் பட்டியலிலேயே டிக்கெட்டாகப் போட வேண்டும்.

பட்ஜெட் ஆண்டுதோறும் ப்ராஜெக்டுக்கு ஒதுக்கப்பட்டால், ப்ராஜெக்ட் முடிந்ததும் குழு கலைகிறது. ஐந்து மாதம் சேர்ந்து பழகிய வேகமும் அதோடு போகிறது. நிலையான குழுவுக்கு நிதி ஒதுக்கி வேலையை அதனிடம் கொண்டுவருவது மேல். வாடிக்கையாளரோடு நிலையான விலை ஒப்பந்தம் என்றால், இன்னும் தொடங்காத வேலையைச் சம அளவுள்ள வேறொன்றோடு கட்டணமின்றி மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரு விதியாவது இருக்கட்டும். அது இல்லாவிட்டால் ரிவியூவில் கிடைக்கும் ஒவ்வொரு நல்ல யோசனையும் ஒப்பந்தத் தகராறாக முடியும்.

இரண்டாவது குழு, ஐந்தாவது குழு

ஒரு நிறுவனம் கட்டும் அமைப்பு அதன் ஆட்கள் பேசிக்கொள்ளும் அமைப்பையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். திரைக் குழு, சர்வர் குழு, டேட்டாபேஸ் குழு என்று மூன்று வைத்து மூன்றிலும் ஸ்க்ரம் நடத்தினால், ஒரு சின்ன வசதிகூட மூன்று பேக்லாகில் காத்து நிற்கும். குழுக்களை வசதிவாரியாக மாற்றி, ஒரு பொருளுக்கு ஒரே பேக்லாக், ஒரே ப்ராடக்ட் ஓனர் என்று வைப்பது கடினமான வேலை. அதைத் தவிர்க்கவே பலர் பெரிய சட்டகங்களை வாங்குகிறார்கள். சேஃப், லெஸ், நெக்ஸஸ் போன்றவை பல குழுக்களை ஒருங்கிணைக்க வந்தவை. ஒரு குழுவாலேயே முடிந்த துண்டைத் தர முடியாத நிலையில் அவற்றைக் கொண்டுவந்தால் முடியாத துண்டுகளைத்தான் ஒருங்கிணைக்க நேரும்.

முதல் குழு நன்றாக ஓடுகிறது என்று அதைப் பிரித்து நான்கு குழுக்களுக்கு விதையாகத் தூவும் ஆசை வரும். அதற்குப் பதில், புதுக் குழுவிலிருந்து இருவரை முதல் குழுவில் இரண்டு மூன்று ஸ்பிரின்ட் சேர்த்து வேலை செய்யவிட்டுத் திருப்பி அனுப்பலாம். மெதுவான வழிதான், ஓடுகிற குழு உடையாமல் இருக்கும்.

எல்லாக் குழுவுக்கும் ஸ்பிரின்ட் பொருந்தாது. வாடிக்கையாளர் புகார், சர்வர் கோளாறு என்று மணிக்கு மணி வேலை வரும் சப்போர்ட் குழுவிடம் இரண்டு வாரத் திட்டம் கேட்பது கொடுமை. அங்கே கான்பன் பொருந்தும்: ஸ்பிரின்ட் இல்லை, பலகையின் ஒவ்வொரு கட்டத்திலும் இத்தனை வேலைக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு மட்டும், ஒன்று வெளியேறினால்தான் அடுத்தது உள்ளே. புது வேலையும் கோளாறும் கலந்து வரும் குழுவில், கடந்த சில ஸ்பிரின்டில் திட்டமிடாத வேலை எவ்வளவு வந்தது என்று எண்ணி, அந்த அளவு இடத்தைத் திட்டமிடும்போதே காலியாக விட்டுவைக்கலாம். ஸ்பிரின்ட் திட்டத்தில் பாதி ஒவ்வொரு முறையும் கலைந்துபோகிறதென்றால் அந்தக் குழுவைக் கான்பனுக்கு மாற்றிவிடுங்கள்.